துலாக்கொடியும் கொங்கிறீற்றுக் குழாயும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே மலை இல்லை. வற்றாத ஆறும் இல்லை. மாரியிலே மட்டும் ஓடும் வழுக்கையாறு ஒன்றே இங்கு ஆறென்று பெயர் பெற்றது. ஆகவே, எம்மவர் உழைப்பின் பெரும்பகுதி ஒரு பொருளைக் கீழிருந்து மேலே தூக்குவதிலேயே கழிந்தது எனலாம். கிணற்றிலிருந்து நீரைத் தூக்கினர். நிலத்தைப் பிளந்து சுண்ணக்கல்லைத் தூக்கினர். மதிலுக்கும் கோபுரத்துக்கும் சாந்தைத் தூக்கினர். இன்று மாடிக் கட்டடங்களுக்குக் கொங்கிறீற்றைத் தூக்குகின்றனர். தூக்கும் கருவி காலந்தோறும் மாறியது. ஆயினும், ஆபத்து இருக்கும் இடம் மட்டும் மாறவில்லை. அது கருவியின் கடைசி முழத்திலே, மனிதன் கைவைக்கும் அந்த முனையிலேயே, என்றும் இருந்து வந்திருக்கின்றது. அம்முனையின் வரலாற்றையே, நேயர்களே, இன்று உங்களுக்குக் கூற எண்ணுகின்றேன்.

துலாவை முதலில் எடுத்துக்கொள்வோம். இன்றைய பிள்ளைகளுட் பலர் அதனைப் படத்திலேதான் கண்டிருப்பர். கிணற்றருகே இரண்டு ஆடுகால்களை நட்டு, அவற்றினிடையே அச்சுலக்கையைச் செருகி, அதன்மேல் நீண்ட மரமொன்றை நிறுத்துவர். மரத்தின் நுனியிலிருந்து துலாக்கொடி கிணற்றினுள்ளே தொங்கும். கொடியின் முனையிலே பட்டை கட்டப்பட்டிருக்கும். மரத்தின் மேலே ஒருவரோ இருவரோ, தோட்டம் பெரிதாயின் அதற்கு மேற்பட்டவரோ, ஏறி முன்னும் பின்னும் நடப்பர். முன்னே நடக்கப் பட்டை தாழும். பின்னே நடக்க நீர் நிறைந்த பட்டை எழும். கிணற்றுக் கட்டிலே நிற்பவர் அதனைப் பற்றி வாய்க்காலிலே கவிழ்ப்பார். விடியற் புறத்திலே தொடங்கும் இறைப்பு, வெயில் ஏறும்வரை ஒரே தாளத்தில் நடைபெறும்.

புதிதாகக் காண்பவரின் கண் மேலே நடப்பவர்மீதே செல்லும். விழுந்துவிடுவாரோ என்று அவர் அஞ்சுவார். இறைப்பிற் பழகியவர்களோ பட்டை பிடிப்பவரையே கவனிப்பார்கள். காரணம் எளிது. மரத்தின் நடுவே ஒருவர் ஓரடி பிசகி வைத்தால், நுனி அதனைப் பன்மடங்காக்கித் துள்ளும். அத்துள்ளல் முழுவதும் கொடியின் வழியே இறங்கிப் பட்டை பிடிப்பவரின் கையிலேயே சேரும். அவர் கிணற்றின் விளிம்பிலே நிற்கின்றார். விலகுவதற்கு இடம் இல்லை. ஆகையினாலேதான் மேலே நடப்பவரும் கீழே பிடிப்பவரும் குரல் கொடுத்தே வேலை செய்தனர். துலாப் பாட்டுக்குச் சுவை ஒரு பயன். காலத்தைக் காத்தல் மற்றொரு பயன். அடுத்த பட்டை எப்பொழுது மேலே வரும் என்பதை, பாட்டின் அடியைக் கொண்டு, முனையில் நிற்பவர் அறிந்துகொள்வார்.

இன்னொன்றையும் இங்கே நோக்க வேண்டும். பழைய பட்டை பனையோலையால் இழைக்கப்பட்டது. ஓலை மலிவு என்பதனால் மட்டும் எம்முன்னோர் அதனைத் தேர்ந்தனர் என்று நான் கருதவில்லை. நீளமான கையொன்றின் நுனியிலே தொங்கும் கலம் இலேசாக இருக்க வேண்டும். அது கனமாயின், தூக்குகின்ற ஒவ்வொரு முறையும் வீண் பாரத்தையும் சேர்த்துத் தூக்க நேரிடும். அன்றியும், துள்ளித் தலையில் மோதினால் ஓலைப்பட்டை நனைக்கும். இரும்பு வாளி மண்டையை உடைக்கும். இவ்விரண்டு காரணங்களையும் நினைவில் வைத்திருங்கள். கொங்கிறீற்றுக் குழாயிடம் வரும்போது இவை மீண்டும் எம்மை எதிர்கொள்ளும்.

1950களிலும் 1960களிலும் மண்ணெண்ணெயில் இயங்கும் நீரிறைக்கும் இயந்திரங்கள் தோட்டந்தோறும் வந்து சேர்ந்தன. துலாக்கள் ஒவ்வொன்றாக விறகாயின. அக்கதையை இங்கே விரிக்க வேண்டியதில்லை.

கட்டடத் தொழிலின் பக்கம் திரும்புவோம். யாழ்ப்பாணக் கோட்டையைப் பாருங்கள். 1619இல் இந்நாட்டைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் கட்டியதனை, 1658இல் வந்த ஒல்லாந்தர் ஐங்கோண வடிவில் மாற்றி அமைத்தனர். கடலிலிருந்தும் கரையிலிருந்தும் எடுத்த முருகைக்கற்களே அதன் உடம்பு. அதே முருகைக்கல்லைச் சூளையிலிட்டுச் சுட்டால் கிடைக்கும் சுண்ணாம்பே அதன் சாந்து. எங்கள் நாற்சார் வீடுகளும் கோயில் மதில்களும் இச்சாந்தினாலேயே எழுந்தன. சாந்து குழைப்பவர் ஓரிடத்தில், கட்டுபவர் வேறோரிடத்தில். இருவருக்கும் இடையே தலைச்சுமையும் கைமாற்றுமே பாலம். சாந்து சிறிது சிறிதாக ஏறியது. ஒரு தாச்சி தவறி விழுந்தால் ஒருவருடைய தோள் நோகும், அவ்வளவே.

சீமெந்து இந்நிலையை மாற்றியது. ஜீ. ஜீ. பொன்னம்பலம் அவர்கள் கைத்தொழில் அமைச்சராக இருந்த காலத்திலே, 1950ஆம் ஆண்டு, காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கிற்று. சுண்ணக்கல் அவ்விடத்து நிலத்திலேயே அகழப்பட்டது. களிமண் முருங்கனிலிருந்து வந்தது. முருகைக்கல்லைச் சுட்டுச் சாந்து செய்த நாட்டிலே, அந்நாட்டின் பாறையையே அரைத்துச் சுட்டுச் சீமெந்து செய்தனர். நாடு முழுவதற்கும் அச்சீமெந்து சென்றது. கூரைக்குக் கொங்கிறீற்று இடும் நாள் கிராமத்திலே ஒரு சிறு திருவிழாப் போன்றது. அயலவர் கூடி வரிசையாக நின்று, தாச்சிகளைக் கைமாற்றி, ஏணிவழியே மேலே அனுப்பிப் பொழுது சாய்வதற்குள் வேலையை முடிப்பர். அவ்வரிசையிலே ஒவ்வொருவரும் தத்தம் பாரத்தைத் தாமே உணர்ந்தனர்.

1990ஆம் ஆண்டு, போரின் காரணமாக, காங்கேசன்துறைத் தொழிற்சாலை நின்றது. அதன்பின் வடபகுதிக்குக் கொண்டுசெல்லத் தடைசெய்யப்பட்ட பொருள்களுள் சீமெந்தும் ஒன்றாயிற்று. சீமெந்து பிறந்த மண்ணிலே ஒரு பை சீமெந்து கிடையாத காலம் அது. அக்காலத்தை வாழ்ந்து கடந்தவர்க்கு அதனை எடுத்துரைக்க வேண்டியதில்லை. 2009இல் போர் முடிந்து, தென்னிலங்கைப் பாதையும் திறந்த பின்னர், வீடுகளும் பாடசாலைகளும் மருத்துவமனைகளும் வங்கிகளும் ஒருசேர எழத் தொடங்கின. யாழ் நூலகத்தின் அருகே இந்திய நன்கொடையிற் கட்டப்பட்டு 2023இல் திறக்கப்பட்ட கலாசார நிலையத்தின் பல மாடிக் கோபுரத்தை நீங்கள் கண்டிருப்பீர்கள். இத்தகைய உயரங்களுக்குத் தாச்சி வரிசை எட்டாது. கைகள் போதவில்லை, காலமும் போதவில்லை. அவ்விடைவெளியிலேதான் கொங்கிறீற்றுப் பம்பு எம்மிடம் வந்து சேர்ந்தது. ஒரு தலைமுறையின் பழக்கம் இடையிலே அறுந்திருந்தது என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும். பிறநாட்டுத் தொழிலாளர் அரை நூற்றாண்டு காலம் படிப்படியாகக் கற்றதனை, எமது இளைஞர் ஓரிரு ஆண்டுகளிற் கற்க நேர்ந்தது.

அந்தப் பம்பு எங்கிருந்து வந்தது? அதற்கு முன்னோடியான கருவியொன்றைச் செய்தவர் கட்டடக்காரர் அல்லர். இறந்த விலங்குகளின் தோலைப் பாடம் செய்து நிறுத்தும் கலைஞர். சிக்காகோ நகரின் பீல்ட் அருங்காட்சியகத்திற் பணியாற்றிய கார்ல் ஏக்லி என்பவர், 1907ஆம் ஆண்டளவில், உலர்ந்த சீமெந்துக் கலவையைக் காற்றழுத்தத்தால் குழாய்வழி செலுத்தி, முனையிலே நீர் சேர்த்துச் சுவரிற் பீய்ச்சும் பொறியை ஆக்கினார். 1911இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. ஈரக் கொங்கிறீற்றையே குழாயினுட் செலுத்தும் வேலையை, 1927இல் ஜேர்மனியிலே மாக்ஸ் கீசெ, பிறிற்ஸ் ஹெல் என்னும் இருவர் நடைமுறைக்குக் கொணர்ந்தனர். 38 மீற்றர் உயரத்துக்கும் 120 மீற்றர் தூரத்துக்கும் அவர்கள் கொங்கிறீற்றைச் செலுத்தினர். 1932இல் கோய்மன் என்னும் பெயருடைய ஒல்லாந்தர் ஒருவர் மேலும் திருத்தமான பம்பொன்றுக்குக் காப்புரிமை பெற்றார். எமது கோட்டையை முருகைக்கல்லால் கட்டியவர்களின் நாட்டவர் அவர்! 1950களின் பிற்பகுதியிலே எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் இரட்டை உருளைப் பம்புகள் தோன்றின. அடுத்த பத்தாண்டிலே, லொறியின்மேல் மடித்து வைக்கக்கூடிய நெடிய இரும்புக் கையும் அதனோடு சேர்ந்தது. தொழிலாளர் இதனையே பூம் பம்பு என்று வழங்குகின்றனர்.

இவ்விரும்புக் கையைக் கூர்ந்து நோக்கினால் அது வேறொன்றுமில்லை, எங்கள் துலாவே. நிலத்திலே ஊன்றிய கால்கள், அவற்றின்மேல் அச்சு, அச்சிலிருந்து வானிலே நீளும் கை, கையின் நுனியிலிருந்து தொங்கும் கொடி. கொடிக்குப் பதிலாக இங்கே ஏறத்தாழ மூன்று அல்லது நான்கு மீற்றர் நீளமுள்ள றப்பர்க் குழாய். பட்டை பிடிப்பவருக்குப் பதிலாகக் குழாய் பிடிப்பவர். மேலே நடப்பவருக்குப் பதிலாகத் தொலைவிலே நின்று பொத்தான்களை இயக்குபவர். ஒரு வேறுபாடு உண்டு. துலாவிலே இருவரும் ஒருவரையொருவர் கண்டனர், குரலைக் கேட்டனர். இங்கே இடையிலே சுவரும் இயந்திர ஓசையும் நிற்கின்றன.

அந்த முனைக்குழாயின் நிறையைச் சற்றே கணக்கிடுவோம். பூம் பம்புகளிற் பெரும்பாலும் வழங்கும் குழாயின் உள்விட்டம் 125 மில்லிமீற்றர். நான்கு மீற்றர் நீளத்திலே ஏறத்தாழ 49 லீற்றர் கொங்கிறீற்று நிற்கும். ஒரு கன மீற்றர் கொங்கிறீற்று 2,400 கிலோகிராம் என்று கொண்டால், அது 118 கிலோகிராம் ஆகின்றது. றப்பரின் சொந்த நிறை வேறு. அதாவது, குழாய் பிடிப்பவர் தம்மைவிடக் கனத்த ஒன்றை வழிநடத்துகின்றார். அது சும்மா தொங்கும்வரை தொல்லை இல்லை. அது உதறும்போதுதான் ஆபத்து.

ஏன் உதறுகின்றது? கொங்கிறீற்று அமுங்குவதில்லை, காற்று அமுங்கும். வேலை தொடங்கும்போது குழாய் வெறுமையாக இருக்கின்றது. இடையிலே தொட்டியிற் கலவை குறைந்தால் பம்பு காற்றையும் சேர்த்து உறிஞ்சிவிடும். கல் இறுகி அடைத்துக்கொண்டால் அதன் பின்னே அழுத்தம் ஏறும். இவ்வாறு சிறைப்பட்ட காற்று வளைத்த வில்லைப் போன்றது. அடைப்பு நீங்கிய கணத்திலே காற்று பீறிட்டு வெளியேற, குழாயின் முனை சாட்டையைப் போலச் சுழன்று அடிக்கும். இதனாலே உலகின் பல நாடுகளிலே தொழிலாளர் உயிரிழந்திருக்கின்றனர். ஆகவே, பம்பு தொடங்கும்போதும், அடைப்பு நீக்கி மீண்டும் தொடங்கும்போதும், குழாய் எட்டக்கூடிய வட்டத்தினுள்ளே ஒருவரும் நிற்றலாகாது என்பது இத்தொழிலின் முதல் விதி. நான்கு மீற்றர்க் குழாயாயின் எட்டு மீற்றர் குறுக்களவுள்ள வட்டம். கொங்கிறீற்று ஒழுங்காக வரத் தொடங்கிய பின்னரே குழாய் பிடிப்பவர் அணுகலாம்.

இனி, முனையிலே எதனைப் பொருத்தலாம், எதனைப் பொருத்தலாகாது என்னும் கேள்விக்கு வருவோம். இக்கட்டுரையின் உயிர் இதுவே. அமெரிக்காவிலே 1974இல் தோன்றிய கொங்கிறீற்றுப் பம்பு உரிமையாளர் சங்கத்தின் அறிவுறுத்தல்களும், உற்பத்தியாளர்களின் கையேடுகளும் இவ்விடயத்தில் ஒரே குரலிற் பேசுகின்றன. பூம் பம்பின் முனைக்குழாய்க்கு மேல் நுனியிலே மட்டுமே இரும்புக் கழுத்து இருக்கலாம். கொங்கிறீற்று வெளிவரும் கீழ் நுனி வெறும் றப்பராகவே இருத்தல் வேண்டும். இரு நுனியிலும் இரும்புள்ள குழாய் நிலத்திலே கிடத்தி இணைப்பதற்கு உரியது. அதனைக் கையிலே தொங்கவிடலாகாது. வெறும் றப்பர் அடித்தாலே மனிதன் விழுவான். நுனியிலே இரும்பு வளையம் இருந்தால் எழமாட்டான். ஓலைப்பட்டையையும் இரும்பு வாளியையும் முன்னர்க் கூறினேன் அல்லவா?

இவ்விதி ஏட்டிலே எளிது. எமது பாடசாலையின் மாடிக் கட்டடத்துக்குக் கொங்கிறீற்று இட்ட நாளிலே ஒரு காட்சியைக் கண்டேன். ஒடுங்கிய தூண் அச்சினுள்ளே குழாய் இறங்கவில்லை. வேலையாள் ஒருவர் இரண்டு முழ இரும்புக் குழாய்த் துண்டொன்றைத் தேடி எடுத்து, கட்டுக்கம்பியாலே முனையிற் பிணைத்தார். அவருடைய நோக்கம் நல்லதே. கலவை சிந்தாமல் அச்சினுட் செல்ல வேண்டும். பம்பை இயக்கிய இளைஞர் அதனைக் கண்டதும் கையை நிலத்துக்கு இறக்கி, “அண்ணை, அதைக் கழட்டுங்கோ, கழட்டாமல் நான் அடிக்க மாட்டன்” என்று நின்றுவிட்டார். அரை மணி நேரம் வீணாயிற்று என்று சிலர் முணுமுணுத்தனர். எனக்கோ அவ்விளைஞரை எமது மாணவர் முன்னே நிறுத்திப் பேசவிட வேண்டும் என்று தோன்றியது.

அவர் மறுத்ததற்கு இரண்டாவது காரணமும் உண்டு. அது துலாக் கணக்கு. கை 30 மீற்றர் நீண்டு கிடக்கும்போது நுனியிலே 40 கிலோகிராம் கூடுதலாகத் தொங்கினால், அச்சிலிருந்து ஒரு மீற்றர் தூரத்திலே 1,200 கிலோகிராம் ஏற்றியதற்கு அது சமம். கையின் இரும்பும், லொறியின் ஊன்றுகால்களும், அவற்றின் கீழுள்ள மண்ணும் அதனைத் தாங்க வேண்டும். கீழே பழைய மலகூடக் குழியோ, நிரப்பிய கிணறோ இருக்குமாயின் சொல்ல வேண்டியதில்லை. குடாநாட்டின் வளவுகளிலே இவை எங்கே உள்ளன என்பதை வீட்டுக்காரரே அறிவர். லொறி வரமுன்னர் அதனைக் கூறுவது அவர்கள் கடமை.

முனையிற் பொருத்தும் யாவுமே தீயன என்று எண்ணிவிடலாகாது. கை ஓரிடத்திலிருந்து வேறோரிடத்துக்குத் திரும்பும்போது குழாயில் எஞ்சிய கலவை கீழே நிற்பவர் தலையில் விழும். அதனைத் தடுக்க, றப்பரை இருபுறமும் நெருக்கி மூடும் அடைப்பான்கள் உள்ளன. உற்பத்தியாளர் அந்தப் பம்புக்கென்று இசைவளித்தவற்றையே கொள்ளல் வேண்டும். பம்பு ஓடும்போது அவை மூடியிருக்கலாகாது. மூடிய வாயை நோக்கிப் பம்பு தள்ளினால் அழுத்தம் எங்கே போகும்? இதே காரணத்தினாலே, வரவை நிறுத்தக் குழாயைக் கையால் மடிப்பதும் பெருந்தவறு. மெல்லிய குழாய் வேண்டுமாயின், விட்டத்தைக் குறைக்கும் இணைப்பை உறுதியான பூட்டாலும் அதன் ஊசியாலும் பிணைத்து, தனியே ஒரு பாதுகாப்புப் பட்டியாலும் கையோடு சேர்த்துக் கட்டுவர். பூட்டு கழன்றாலும் அது விழாது. ஊசி தொலைந்தால் ஆணியைச் செருகும் வழக்கம் எங்கும் உண்டு. அது வெறுக்கத்தக்க வழக்கம்.

குழாய் பிடிப்பவர் அதனைக் கட்டித் தழுவி நிற்பதும், தோளிலே சாய்த்துக்கொள்வதும் நம்மிடையே காணப்படுகின்றன. அவ்வாறு நின்றால் உதறும்போது விலக முடியாது. கையிற் பிடிக்க முடியாத இடத்திலே கயிறொன்றைக் கட்டித் தூர நின்று இழுத்து வழிநடத்தலாம். கயிறும் ஒரு முனைப் பொருத்தே, எல்லாவற்றினும் இலேசானது. இன்னொரு செய்தி: எமது ஒழுங்கைகளிலே மின்கம்பிகள் தாழ்ந்து செல்கின்றன. இரும்புக் கை கம்பியைத் தொடவும் வேண்டியதில்லை. மிக நெருங்கினாலே மின் பாயலாம். றப்பர்தானே, மின்சாரம் வராது என்று எண்ணுபவர் உளர். றப்பரினுள்ளே எஃகுக் கம்பி பின்னப்பட்டிருக்கின்றது. அதனுள்ளே ஈரக் கலவை நிற்கின்றது. ஈர நிலத்திலே கால் பதித்து நிற்கும் குழாய் பிடிப்பவருக்கே அம்மின்சாரம் முதலில் வந்து சேரும்.

துபாய் நகரின் புர்ஜ் கலீபாக் கட்டடத்திலே 2008இல் 606 மீற்றர் உயரத்துக்குக் கொங்கிறீற்றை ஏற்றினர் என்று படிக்கின்றோம். எங்கள் வீடுகளுக்கு ஆறு, ஏழு மீற்றர் போதும். ஆயினும் இரண்டிடத்தும் கடைசி மூன்று மீற்றர் றப்பர் ஒன்றே. அதன் அருகே நிற்கும் மனிதனும் ஒருவனே.

வேலை முடிந்த பின்னர் இன்னொரு சடங்கு இருக்கின்றது. குழாயினுள் எஞ்சிய கலவை இறுகுமுன்னே வெளியேற்றப்பட வேண்டும். பஞ்சுப் பந்தொன்றைக் குழாயினுட் புகுத்தி, நீராலோ காற்றாலோ தள்ளுவர். காற்றாலே தள்ளுவதாயின் முனைக்குழாயை முன்கூட்டியே கழற்றிவிட வேண்டும். அதனைக் கழற்றாது காற்றை விட்டால், இறுதிக் கணத்திலே அது பகல் முழுவதும் காணாத வேகத்தோடு உதறும். கழற்றிய இடத்திலே, பந்தைப் பிடிக்கும் இரும்புக் கூடையைப் பூட்டுவர். அந்நேரத்திலே நுனியின் அருகே ஒருவரும் நில்லார். சிறு பிள்ளைகள் அன்று முழுவதும் வேடிக்கை பார்த்துக் களைத்து, பந்து வரும் நேரத்திலேதான் ஓடி வருவர். அவர்களை வேலிக்கு அப்பால் நிறுத்துவதற்கென்றே வயது வந்த ஒருவரை விடுதல் நன்று. பந்து கூடையில் விழுந்து, காற்றழுத்தம் முற்றாக இறங்கி, இயக்குபவர் கைகாட்டிய பின்னரே கூடையைக் கழற்றுவர். பிறகு குழாயைக் கழுவி, நெடுங்கையை மடித்து, ஊன்றுகால்களை எடுத்து லொறி புறப்படும்.